ஓவியமும் கலை வரலாறும் சேர்த்துப் படிக்க: சேரும் முன்பும் சேர்ந்த பின்பும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் என்னைப் பார்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருவார்கள். ஃபைன் ஆர்ட்ஸ் படித்தால் சோறு கிடைக்குமா என்பது ஒன்று. இவளுக்கு வரையவும் பிடிக்கிறது, கோயில், சிலை என்று படிக்கவும் பிடிக்கிறது, எதில் சேர்ப்பது என்பது இன்னொன்று. முதல் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். இரண்டாவதற்கு என் பதில்: இரண்டையும் படிக்கலாம். ஆனால் நம் ஊர்ப் பக்கம் கல்லூரி ஒன்றைத்தான் முழுதாகச் சொல்லிக் கொடுக்கும். மற்றதை நீங்கள் தேடி எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். நான் நான்கு வருடம் ஓவியம் படித்துவிட்டுக் கலை வரலாற்றுக்குப் போனவன். அந்த அனுபவத்தில் வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே பட்டத்தில் பாதி ஸ்டூடியோ, பாதி கலை வரலாறு என்று கற்பிக்கும் இடங்கள் உலகத்திலேயே குறைவு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு ஃபைன் ஆர்ட் எம்.ஏ. உண்டு, ஐந்து வருடம். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், பள்ளி முடித்தவுடன் சேரும் முதல் பட்டம்தான் அது. அங்குள்ள பழைய பல்கலைக்கழகங்களில் கலைப் பாடங்களின் முதல் பட்டத்தையே எம்.ஏ. என்பது வழக்கம். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தைப் பார்த்தால் நம்மில் பலருக்கு அது கண்காட்சிப் பொருள் மாதிரிதான், பார்த்துவிட்டு நகர வேண்டும்.

இந்தியாவில் இதற்குப் பெயர் போன இடங்கள் இரண்டு. ஒன்று, பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம். அங்கே பி.வி.ஏ. (பேச்சிலர் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ்) என்ற நான்கு வருடப் பட்டத்தில் ஓவியம், சிற்பம் போலவே கலை வரலாற்றையும் முதன்மைப் பாடமாக எடுக்கலாம். ஓவியம் எடுத்தவர்களும் கலை வரலாற்றுத் தாள்களை எழுதியாக வேண்டும். ஒரே வளாகம், ஒரே டீக்கடை என்பதால் இரண்டு பக்கத்துப் பேச்சும் காதில் விழும். மற்றொன்று, 1919இல் தொடங்கிய சாந்திநிகேதன் கலா பவனம். அங்கும் கலை வரலாறு தனித்துறை.

இந்த இரண்டு இடங்களிலும் ஒரு பழக்கம் வேரோடிப் போயிருக்கிறது: வரைபவர்தான் எழுதவும் செய்வார். குலாம் முகம்மது ஷேக் பரோடாவில் பல வருடம் கலை வரலாறு கற்பித்துவிட்டுப் பிறகு ஓவியத் துறையில் கற்பித்தவர். கே.ஜி. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர். 1944இல் சாந்திநிகேதன் போனார். ஓவியம், சுவர்ச்சித்திரம், பொம்மை என்று செய்துகொண்டே கலை பற்றிக் கட்டுரைகளும் எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படிப்பது என்றால் என்னவென்று பாடத்திட்டத்தில் தேடுவதைவிட இவர்களைப் போன்றவர்களின் வாழ்க்கைக் குறிப்பில் தேடுவது நல்லது.

தமிழ்நாட்டில் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. இங்கெல்லாம் நீங்கள் ஓவியமோ சிற்பமோ பதிப்போவியமோ (அச்சுப் பதித்து எடுக்கும் படம்) எடுப்பீர்கள். கலை வரலாறு ஒரு தாளாக வரும். மாமல்லபுரத்து அரசு கட்டட, சிற்பக் கலைக் கல்லூரி வேறு வகை, மரபுச் சிற்பமும் சிற்ப சாஸ்திரமும் அங்கே பாடம். பெண்களுக்குச் சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் நுண்கலைத் துறை உண்டு. வரைவதையும் கலை வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிப்பார்கள். இலங்கைப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் தானும் ஓவியர்தான்.

என்னைக் கேட்டால், பெரும்பாலோருக்குச் சரிப்பட்டு வருவது இது: முதல் பட்டம் கைவேலையில், முதுநிலை கலை வரலாற்றில். தலைகீழாகப் போவது கடினம். இருபத்தொரு வயதில் நூலகத்தில் உட்காரக் கற்றுக்கொள்ளலாம். அந்த வயதில் மனித உடம்பை வரைய முதல் கோட்டிலிருந்து ஆரம்பிப்பது பலருக்குக் கசந்துவிடுகிறது.

2. நுழைவுத் தேர்வு

மதிப்பெண்ணை மட்டும் வைத்து இடம் தரும் கல்லூரிகள் கொஞ்சம்தான். வரைதல் தேர்வு இருக்கும்: பானை, துணி, வாழைப்பழம் என்று எதிரே வைத்து வரையச் சொல்வது, பிறகு 'பேருந்து நிலையம்' மாதிரி ஒரு தலைப்பைக் கொடுத்து நினைவிலிருந்து கம்போசிஷன் போடச் சொல்வது. சில இடங்களில் நேர்காணலும் ஃபோலியோவும் (நீங்கள் வரைந்தவற்றின் தொகுப்பு) கேட்பார்கள். தேர்வு முறை, வெளிமாநிலத்தவருக்கான இடங்கள் எல்லாம் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அந்த வருட அறிவிப்பை மட்டும் நம்புங்கள், அண்ணன் சொன்னதை அல்ல.

ஃபோலியோ பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கட்டம் போட்டுப் பெரிதாக்கிய நடிகர் முகம், மழைத்துளி வழியும் கண், ஒரே ஒரு கண்ணீர் சொட்டு. வருடா வருடம் இவைதான் வருகின்றன. உழைப்பு தெரியும், சந்தேகமில்லை. ஆனால் தேர்வாளருக்கு அதில் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்கள் தெருவில் சைக்கிள் ரிப்பேர் செய்பவர் குந்தியிருப்பதை ஐந்து நாள் ஐந்து கோணத்தில் வரைந்த ஸ்கெட்ச் புக் போதும். கோடு தடுமாறியிருந்தாலும் பரவாயில்லை. கலை வரலாற்று ஆர்வம் இருப்பதைக் காட்ட நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் தந்திரம்: அதே ஸ்கெட்ச் புக்கில் பக்கத்துக் கோயில் தூண் ஒன்றை வரைந்து, ஓரத்தில் அளவும் அது கல்லா சுதையா (சுண்ணச் சாந்து வேலையா) என்பதும் எழுதி வையுங்கள். நேர்காணலில் பேச்சு தானாக அங்கே போகும்.

3. ஒரு பொருளை ஒரு மணி நேரம் பார்க்கப் பழகுங்கள்

இரண்டு படிப்பையும் சேர்த்துக் கட்டும் கயிறு இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் அதிகம் நிற்கிறேன்.

எனது முதல் கலை வரலாற்றுக் கட்டுரை ஒரு செப்புத் திருமேனி பற்றியது. 'நளினம்', 'தெய்வீகம்', 'ஈடு இணையற்ற' என்று மூன்று பக்கம் எழுதியிருந்தேன். ஆசிரியர் சிவப்பு மையில் இரண்டே கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: 'உயரம் எவ்வளவு? பின்னால் போய்ப் பார்த்தாயா?' போகவில்லை. வரைய உட்கார்ந்திருந்தால் போயிருப்பேன்.

செய்முறை இப்படி. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். முதல் இருபது நிமிடம் எழுதக் கூடாது, வரைய மட்டும் வேண்டும். அழகான படம் தேவையில்லை, கண் எங்கே போகிறதோ அங்கே பென்சில் போனால் போதும். அடுத்த இருபது நிமிடம் பார்த்ததை எழுதுங்கள்: அளவு, பொருள், எங்கே உடைந்திருக்கிறது, எந்தப் பக்கம் வேலை முடியவில்லை, ஒளி எங்கிருந்து விழ வேண்டும் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். மீதி நேரத்தில் கேள்விகள் மட்டும். புத்தகத்தை வீட்டுக்குப் போய்த் திறக்கலாம்.

மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ச்சுனன் தபசா, பகீரதன் கங்கையை வரவழைத்ததா என்று அறிஞர்கள் நெடுநாளாக வாதம் செய்கிறார்கள். புத்தகத்தில் படித்தால் இரண்டு கட்சியும் சரி என்றே தோன்றும். ஸ்கெட்ச் புக்கோடு போய் நின்று ஒவ்வொரு உருவமும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வெறும் அம்புக்குறியாகப் போட்டுப் பாருங்கள். தேவர்கள், கின்னரர்கள், யானைகள் என்று ஏறக்குறைய எல்லா அம்பும் நடுவிலுள்ள பிளவை நோக்கிப் போகும், ஒற்றைக்காலில் நிற்கும் தவசியை நோக்கி அல்ல. பிளவுக்குள் நாகர்கள். கீழே ஒருவர் ஈரத்துணியைப் பிழிகிறார், ஒருவர் குடத்தைச் சுமக்கிறார். பிளவு ஆறாகிவிட்டது, பகீரதன் கட்சி பலப்படுகிறது. அப்புறம் தவசியின் பக்கத்தில் ஆயுதத்தோடு நிற்கும் சிவனை வரைவீர்கள். அர்ச்சுனன் தவமிருந்து சிவனிடம் பாசுபத அஸ்திரம் கேட்ட கதை திரும்ப எழுந்து நிற்கும். யானைக்குக் கீழே கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனையும் சுற்றிலும் எலிகளும் இருக்கின்றன. அந்தப் போலித் தவப் பூனை மகாபாரதக் கதை. ஆனால் அந்தக் கதையிலும் பூனை நிற்பது கங்கைக் கரையில். வழக்கு முடியாது. முடியாவிட்டாலும் உங்கள் கையில் இப்போது ஒரு சான்று இருக்கிறது, அதை நீங்களே எடுத்தீர்கள். கட்டுரை அங்கிருந்துதான் தொடங்கும். கீழே இடது பக்கம் பாறை செதுக்கி முடியாமல் இருப்பதையும் வரைய மறக்காதீர்கள். உளி எப்படி வேலை செய்தது என்பதை முடிக்காத இடம்தான் காட்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வெண்கலக் கூடம், அமராவதிச் சிற்பங்கள் என்று ஒரு வருடத்துக்குத் தாங்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை. பென்சிலும் சின்ன நோட்டும் கொண்டு போங்கள். மை புட்டியோடு போய் ஓர் அருங்காட்சியகத்தில் காவலரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நியாயம் அவர் பக்கம்தான். மடக்கு நாற்காலி வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

4. செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்

ஓவிய மாணவருக்கு வரலாற்று மாணவரைவிட ஒரு சாதகம் உண்டு: பட்டறை. சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் ஒரு நாள் உட்கார அனுமதி வாங்குங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் மெல்லிய காவிரி வண்டல் ஒரு பூச்சு. கைவிரல் ரேகை வரைக்கும் பதிவாவது அந்த முதல் பூச்சில். பிறகு கனமான மண், கம்பிக் கட்டு, சூடு. மெழுகு உருகி வெளியே ஓடும். காலியான இடத்தில் உலோகம். ஆறியதும் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் ஒரு சிலைக்கு இன்னொரு அச்சுப் பிரதி கிடையாது.

இதைப் பார்த்த பிறகு அருங்காட்சியகத்துக்குத் திரும்பிப் போனால் கண் வேறாகிவிடும். பீடத்திலுள்ள துளைகள் வீதியுலாவுக்குத் தண்டு கோப்பதற்காக என்று தெரியும். விழாவில் பட்டும் மாலையும் போர்த்தி முகமும் கையும் மட்டுமே வெளியே தெரியும் திருமேனிக்கு முதுகில் இத்தனை வேலை எதற்கு என்ற கேள்வி வரும். நல்ல கேள்வி, ஒரு ஆய்வேட்டுக்கே போதும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். அங்கே கொடுக்கப்பட்ட திருமேனிகளைக் கோயில் முழத்தால் அளந்து, பாதாதிகேசாந்தம் (பாதம் முதல் முடி வரை) இத்தனை விரல் உயரம், இத்தனை திருக்கை (கைகள்) என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைய அருங்காட்சியக கேட்டலாக் எழுதுபவரும் முதலில் எழுதுவது இதையேதான். என் முதல் கட்டுரையைவிட ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தக் குறிப்பு எவ்வளவோ மேல்.

5. இங்கிலீஷ் பயம்

தமிழ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளைகள் கைவேலையில் முதல் மாணவராக இருந்துகொண்டே தியரி தாளில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். நேரே புத்தகத்தில் குதிக்காதீர்கள். ஒரு நோட்டில் இரண்டு நெடுவரிசை போடுங்கள். ஒன்றில் வகுப்பில் கேட்ட சொல், மற்றதில் உங்களுக்குப் புரிந்த தமிழ். வெறும் மொழிபெயர்ப்பு வேண்டாம், ஒரு படம் வரைந்து பக்கத்தில் எழுதுங்கள். பெர்ஸ்பெக்டிவ் என்றால் ரயில் தண்டவாளம் போய்ச் சேரும் இடம். ரிலீஃப் என்றால் சுவரோடு ஒட்டிய புடைப்பு. அதே நோட்டில் திரிபங்கம் (உடல் மூன்று இடத்தில் வளைந்து நிற்கும் நிலை), திருவாசி (திருமேனியைச் சுற்றிய வளைவு), நவதாலம் (முகத்தைப் போல ஒன்பது மடங்கு உயரம் என்ற அளவு), சுதை என்று நம் பக்கத்துச் சொற்களும் ஏறட்டும். வடக்கே படிக்கப் போனால் அவற்றைத் தெரிந்தவர் வகுப்பில் நீங்கள் ஒருவர்தான் என்ற நிலை வரும், அது சின்ன விஷயமல்ல.

தேர்வில் தவறாமல் வருவது 'இந்த இரண்டு படைப்புகளை ஒப்பிடுக'. பழகுவதற்கு மெரினாவே போதும். உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தவை, இரண்டும் 1959இல் வைத்தவை. அவர் 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வர். ஒரே கை, ஒரே கடற்கரை, ஒரே வருடம். ஒன்றில் நான்கு பேர் பாறையைத் தள்ளும் தசைகள், இன்னொன்றில் தனியாக நடக்கும் மெலிந்த மனிதர். எடை எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் வைத்து இரண்டு பக்கம் எழுதுங்கள். 'அழகு' என்ற சொல் ஓரிடத்திலும் வரக் கூடாது. டிக்கெட் கிடையாது, சுண்டல் கிடைக்கும்.

6. நேரமும் காசும்

ஸ்டூடியோ நாளை விழுங்கிவிடும். இரவு எட்டு மணிக்குக் கையில் டர்பன்டைன் வாடையோடு உட்கார்ந்து படிப்பது நடக்கிற காரியமல்ல. நான் கண்ட ஒரே வழி, எண்ணெய் வண்ணம் காயும் நாட்களைப் படிக்கும் நாட்களாக வைப்பது. அடுத்த பூச்சுக்கு எப்படியும் இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். சிற்பம் எடுத்தவர்களுக்கு இந்த வசதி குறைவு, மன்னிக்கவும்.

பொருட்செலவு ஹாஸ்டல் கட்டணத்தைவிடத் தொல்லையானது, ஏனென்றால் சின்னச் சின்னதாகப் போகும். முதல் வருடம் மாணவர் தர வண்ணங்களே போதும். கேன்வாஸை மீட்டர் கணக்கில் மூன்று பேர் சேர்ந்து வாங்கி நீங்களே சட்டத்தில் அடியுங்கள். மிச்சம் பிடிக்கும் காசை ஸ்டடி டூருக்கு வையுங்கள். சொந்தமாகப் போவதானால் அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய். இதைக் கவனிக்காமல் அவுரங்காபாத்தில் லாட்ஜ் வாடகை கொடுத்துக் கிடந்தவர்களை எனக்குத் தெரியும்.

பரோடா போகிறவர்கள் ஊரையே பாடமாக்கிக்கொள்ளலாம். லட்சுமி விலாஸ் அரண்மனையில் ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில் வரைந்த ரவி வர்மாவின் படங்கள், கீர்த்தி மந்திரில் இந்திய மரபைத் தேடிப் போன நந்தலால் போஸின் சுவரோவியங்கள். ஒரே அரச குடும்பத்தின் ஆதரவில் இப்படி இரண்டு எதிரெதிர் பாணிகள் எப்படி வந்தன என்று கேட்டுக்கொண்டு நடந்தால் நவீன இந்திய ஓவிய வரலாற்றின் பாதி புரிந்துவிடும்.

7. கடைசி வருடம்

கண்காட்சியும் ஆய்வேடும் ஒரே மாதத்தில் வந்து மோதும். இரண்டுக்கும் இரண்டு தலைப்பு எடுத்தவர்கள் இரண்டிலும் அரைகுறையாக முடிப்பார்கள். உங்கள் கை எதில் சிக்கிக்கொண்டிருக்கிறதோ அதையே ஆய்வுக் கேள்வியாக்குங்கள். சுண்ணச் சுவரில் வண்ணம் போட்டுப் பார்க்கிறீர்களா? தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார், மேல் அடுக்கைச் சிதைக்காமல் எப்படிப் பிரித்தார்கள், ஈரச் சுண்ணத்தில் வரைந்ததா காய்ந்த பின் வரைந்ததா என்று தேடுங்கள். அந்த ஓவியங்கள் இருக்கும் கருவறை உட்சுற்றைப் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. அனுமதிக் கடிதத்தைத் துறைத் தலைவர் கையெழுத்தோடு ஆறு மாதம் முன்பே அனுப்புங்கள், பதில் வராவிட்டால் வேறு கேள்வியும் கைவசம் இருக்கட்டும்.

கண்காட்சிக்கு வைக்கும் ஒவ்வொரு வேலையையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அளவு, பொருள், வருடம் குறித்து வையுங்கள். தன் படத்துக்கே அளவு தெரியாத கலை வரலாற்று மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் அதில் ஒருவன்.

8. சோறு

பெற்றோர் கேட்ட முதல் கேள்வி. படம் விற்று மட்டும் பிழைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டும் தெரிந்தவருக்குக் கதவுகள் கொஞ்சம் கூடுதல். கல்லூரியில் கற்பிக்க விரும்பினால் யு.ஜி.சி. நெட் தேர்வில் விஷுவல் ஆர்ட் என்ற பாடம் உண்டு, கலை வரலாறும் அதற்குள்தான் வரும். அருங்காட்சியகம், ஓவியப் பாதுகாப்பு என்று போக நினைத்தால் முன்பு டெல்லியில் தேசிய அருங்காட்சியக நிறுவனமாக இருந்து இப்போது நொய்டாவில் இயங்கும் இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் கலை வரலாறு, கன்சர்வேஷன் (கலைப் பொருள் பாதுகாப்பு), மியூசியாலஜி (அருங்காட்சியகவியல்) மூன்றுக்கும் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. கன்சர்வேஷனுக்குக் கொஞ்சம் வேதியியல் தெரிந்திருந்தால் நல்லது. ப்ளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டுத் தப்பு செய்துவிட்டோமோ என்று வருந்தும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன். கேலரி வேலை, கேட்டலாக் எழுதுவது, பள்ளியில் ஓவிய ஆசிரியர், பதிப்பகங்களுக்குப் படம் என்று மீதி எல்லாம் துண்டு துண்டாகத்தான் வரும். முதல் இரண்டு மூன்று வருடம் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.